மஞ்சப்பைக்கு ஒரு கணக்கு, மின்விசிறிக்கு ஒரு கணக்கு

சுற்றுச்சூழலுக்காக வீட்டில் என்ன செய்யலாம் என்று யாரிடம் கேட்டாலும் ஒரு பட்டியல் வந்துவிடும். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள், கடைக்குப் பை கொண்டு போங்கள், பஸ்ஸில் போங்கள், ஏசியைக் குறையுங்கள். எல்லாமே நல்ல யோசனைகள்தான். ஆனால் எது பத்து கிராம், எது நூறு கிலோ என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. அக்கறையுள்ள ஒரு குடும்பம் தன் முயற்சியையெல்லாம் சார்ஜரில் செலவழித்துவிட்டு, பெரிய விஷயங்களைத் தொடாமலே இருந்துவிடுவது இதனால்தான்.

அந்தச் சார்ஜரையே எடுத்துக்கொள்வோம். போன் மாட்டாமல் சும்மா செருகியிருக்கும் சார்ஜர் ஆண்டு முழுக்க இழுப்பது ஒன்றோ இரண்டோ யூனிட். சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி அதை ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். டிவியை அணைத்த பிறகும் சின்ன விளக்கோடு விழித்திருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுக்கிறது என்று வைத்தால், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 88 யூனிட். சார்ஜரை மறக்காமல் கழற்றும் வீடுகளில்கூட செட்டாப் பாக்ஸின் சுவிட்சை யாரும் தொடுவதில்லை.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரிய வேண்டுமானால் முதலில் அளவு தெரிய வேண்டும். அதற்கு மூன்று எண்கள் போதும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. நிலக்கரியின் பங்கு இன்னும் அவ்வளவு பெரிது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 42 கிலோ அளவில். இவற்றை வைத்து எந்த வீட்டின் புகைக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுவிடலாம்.

தாம்பரம் பக்கம் நான்கு பேர் கொண்ட ஒரு நடுத்தரக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் மின்சாரம். ஆண்டுக்கு 3,600 யூனிட், அதாவது 2,500 கிலோ கரியமில வாயு. ஒரு ஸ்கூட்டர் தினம் 20 கிலோமீட்டர் வீதம் 300 நாள் ஓடினால் 120 லிட்டர் பெட்ரோல், 276 கிலோ. ஆண்டுக்கு எட்டு சிலிண்டர், 340 கிலோ. ஸ்கூட்டருக்குப் பதிலாக அதே தூரம் கார் ஓடினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் வீதம், 920 கிலோ. இவர்களில் ஒருவர் ஒரே ஒரு முறை டெல்லிக்கு விமானத்தில் போய் வந்தால் அதுவே 400 கிலோவைத் தாண்டும். வீட்டு ஸ்கூட்டர் ஓராண்டு முழுக்க விட்ட புகையைவிட அதிகம்.

இப்போது பார்த்தால் பெரிய பங்கு மின்சாரத்தில் இருக்கிறது. மின்சாரத்துக்குப் புகைக்குழாய் வீட்டில் இல்லை; அது எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் இருக்கிறது. வாசலில் நிற்கும் வண்டியின் புகை கண்ணில் படுகிறது, சுவரில் இருக்கும் ஏசியின் புகை படுவதில்லை.

ஏசிக்கு முன்னால் மின்விசிறி

ஏசி ஓர் இரவுக்கு 6 யூனிட் என்று குறைத்தே வைப்போம். அது 4.2 கிலோ கரியமில வாயு. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை ஸ்கூட்டரில் போனால் வெளியாகும் புகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். பக்கத்துத் தெருவுக்கு வண்டியை எடுக்கலாமா என்று யோசிக்கும் நாம், ஒவ்வோர் இரவும் படுத்த இடத்திலிருந்தே திண்டிவனம் போய்க்கொண்டிருக்கிறோம்.

இந்த வெயிலில் ஏசியே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. சென்னையின் மே மாத இரவில் வியர்வை காயாத ஈரப்பதத்தில், கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில், அது ஆடம்பரமும் இல்லை. கேள்வி எத்தனை டிகிரி என்பதுதான். ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீட்டோடு விற்கும் அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அதற்காகவே வந்தது. 24-ஐ 27-க்குக் கொண்டுபோய் மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்குத் தெரியும் குளிர் பெரிதாக மாறாது. காற்று ஓடினால் வியர்வை காய்ந்துவிடும். ஆண்டுக்கு 150 இரவு ஓடும் ஏசியில் இதனால் மிச்சமாவது 160 யூனிட் அளவில்.

மின்விசிறியின் கணக்கு இதைவிடப் பெரிது. அதை யாரும் பேசுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் வரை இழுக்கும். இப்போது வரும், பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட் அளவில் தந்துவிடுகிறது. வித்தியாசம் 45 வாட்தானே என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் ஹால் ஃபேன் நிற்பதே இல்லை. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 260 யூனிட் மிச்சம், 180 கிலோ புகை. ஏசியை மூன்று டிகிரி கூட்டியதைவிட ஒரே ஒரு ஃபேனை மாற்றியதில் மிச்சம் அதிகம். சாதா ஃபேனைவிட விலை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூட. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இதைப் பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து ஓட்டக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்பு கொடுத்துவிட்டு, வேகத்தை ரிமோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரிலும் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும்.

மூன்று ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் குறையும். தாம்பரம் குடும்பத்தின் 600 யூனிட் 470 ஆகிவிடும். தமிழ்நாட்டு மின்கட்டணம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். முதல் 100 யூனிட் இலவசம். அதற்குப் பிறகு அடுக்கடுக்காக ஏறும் கட்டணத்தில் 500 என்பது ஒரு கோடு. அதைத் தாண்டியவர்களுக்குக் கீழடுக்கின் குறைந்த விலை கிடைக்காது. 501-வது யூனிட் ஒன்று மொத்த பில்லையும் தூக்கிவிடும். அதனால் ஃபேனுக்குப் போட்ட பணம் திரும்பி வர அதிக காலம் ஆகாது.

மொட்டைமாடி வீட்டில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. பகலெல்லாம் சூட்டைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஏசி போராடுவது பெரும்பாலும் அந்தச் சூட்டோடுதான். கோடை தொடங்கும் முன் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது நம் ஊரில் புதிதில்லை. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அறைச் சூடு சில டிகிரி இறங்கும். இன்று அதற்கென்றே வெப்பம் தாங்கும் பூச்சுகள் விற்கின்றன. கையில் காசு குறைவென்றால் சுண்ணாம்பும் பிரஷ்ஷும் போதும். மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மின்சாரத்தை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதோடு எப்போது பயன்படுத்துகிறோம் என்பதும் இப்போது முக்கியமாகிவிட்டது. முன்பு அப்படி இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றுதான் ஆரல்வாய்மொழி, முப்பந்தலிலும் தென்காசி, உடுமலைப் பக்கமும் காற்றாலைகளைச் சுற்றுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. மே முதல் செப்டம்பர் வரை அதன் கை ஓங்கியிருக்கும். பகலில் கமுதி போன்ற இடங்களிலிருந்து சூரிய மின்சாரமும் வருகிறது. சூரியன் இறங்கி, எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஒருசேர ஓடத் தொடங்கும் மாலை ஆறு முதல் பத்து மணி வரைதான் நிலக்கரியின் சுமை ஏறும் நேரம். ஆகவே தண்ணீர் மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் அயர்ன் பெட்டியையும் பகல் வேலையாக மாற்றிக்கொண்டால் ஒரு யூனிட்கூட மிச்சமாகாமலே புகை குறைகிறது. இதற்குச் செலவே இல்லை.

சொந்த மாடி உள்ளவர்களுக்குச் சூரியத் தகடு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 மானியம். ஒரு கிலோவாட் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்தில் பேசி லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் பொது விளக்குக்கும் மட்டுமாவது போடலாம்.

ஆபீசுக்கும் ஊருக்கும்

பயணத்தில் கணக்கு தெளிவானது. ஒரு கிலோமீட்டர் போக, தனியாளாகக் காரில் போனால் 150 கிராம் கரியமில வாயு. பெட்ரோல் ஸ்கூட்டரில் 46. மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட் எடுத்தால் 21 கிராம். நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அப்போதும் பாதிக்கும் குறைவு. டீசல் பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு 600 கிராம். உள்ளே 50 பேர் இருந்தால் தலைக்கு 12 கிராம். கரும்புகை கக்கிக்கொண்டு போகும் அந்தப் பழைய பஸ், உள்ளே இருப்பவர்களின் கணக்கில், பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போகும் புதிய காரைவிடப் பன்னிரண்டு மடங்கு சுத்தம்.

இது தெரிந்தும் ஏன் பஸ்ஸை விட்டு வண்டிக்குப் போகிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பஸ் எப்போது வரும் என்று தெரியாது. நிழற்குடை இருக்காது. இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடைபாதை இல்லாத சாலை. மின்சார ரயில் நிலையத்திலிருந்து ஆபீசுக்குப் போக ஷேர் ஆட்டோவைத் தேட வேண்டும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. 2015 முதல் மெட்ரோவும் இருக்கிறது. ஆனாலும் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டர்தான் ஒரு மனிதரை வண்டி வாங்க வைக்கிறது. ஒருமுறை வாங்கிவிட்டால் அப்புறம் பால் வாங்கவும் அதில்தான் போவார்.

அந்தத் தூரத்துக்கு சைக்கிள் நல்ல விடை. பல புறநகர் ரயில் நிலையங்களில் சைக்கிள் நிறுத்தும் இடம் இருக்கிறது. காலையில் எட்டு மணிக்குள் கிளம்புபவர்களுக்கு வெயில் பெரிய தடையில்லை. முழுப் பயணத்தையும் மாற்ற வேண்டும் என்று நினைத்தால்தான் மலைப்பாக இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ரயில் என்று முடிவெடுத்தால் கார்க்காரர் ஒருவரின் பயணப் புகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. காரை விற்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் நடந்த மிகப் பெரிய பசுமை நடவடிக்கை எது என்று என்னைக் கேட்டால், 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததைச் சொல்வேன். அதற்குச் சுற்றுச்சூழல் என்ற பெயர் இல்லை. பெண்கள் முன்னேற்றத்துக்கான திட்டம் அது, அந்தப் பெயருக்கு முழுத் தகுதியும் உண்டு. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஷேர் ஆட்டோவுக்கும் இரண்டாவது ஸ்கூட்டருக்கும் போயிருக்க வேண்டிய பயணங்கள் பஸ்ஸிலேயே தங்கின. பூக்காரம்மாவும் வீட்டு வேலைக்குப் போகிறவரும் கல்லூரி மாணவியும் யாருடைய அறிவுரையும் கேட்காமல் பசுமைப் பயணம் செய்கிறார்கள். சென்னையில் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்சார பஸ்களும் ஓடத் தொடங்கின. படியேற முடியாத முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இவற்றில் ஏறலாம் என்பது புகை குறைவதைப் போலவே பெரிய விஷயம்.

நெடுந்தூரத்துக்கு விமானமா, ரயிலா? இந்திய உள்நாட்டு விமானத்தில் ஒருவருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 120 கிராம். ரயிலில் தோராயமாக அதில் பத்தில் ஒரு பங்கு. அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. டெல்லிக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போ என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் கோவைக்கும் மதுரைக்கும் பெங்களூருக்கும் விமானம் எதற்கு? 2023 ஏப்ரலில் வந்த வந்தே பாரத் சென்னையிலிருந்து கோவைக்கு ஆறு மணி நேரத்துக்குள் போகிறது. மீனம்பாக்கத்துக்கு டாக்ஸியில் போய், சோதனையில் நின்று, பீளமேட்டில் இறங்கி மறுபடி டாக்ஸி பிடிக்கும் நேரத்தையும் சேர்த்தால் மிச்சமாவது இரண்டு மணி நேரம் இருக்கலாம். மதுரை, நெல்லைக்கு ராத்திரி ரயிலில் படுத்தால் விடிந்ததும் ஊர். அந்தப் பயணத்துக்கு ஒரு பகல்கூடச் செலவில்லை.

சிக்கல் டிக்கெட்டில்தான். முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் 60-வது நாள் காலை எட்டு மணிக்கு இணையத்தில் காத்திருந்தால்தான் உண்டு. ஊர்ப் பயணத்தை நாட்காட்டியில் குறித்து வைப்பது அற்பமான வேலையாகத் தெரியும். நான்கு பேர் கொண்ட குடும்பம் காரை எடுக்காமல் ரயிலில் போவதும் போகாததும் பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

குப்பை வேறு கணக்கு

இதுவரை பார்த்தது புகைக் கணக்கு. பிளாஸ்டிக் பை இந்தக் கணக்கில் சேராது. ஒரு கேரி பேக்கைத் தயாரிக்க வெளியாகும் புகை மிகச் சொற்பம். அதைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: மழைநீர் வடிகாலை அடைக்கிறது, மாட்டின் வயிற்றில் போய்ச் சேருகிறது, ஏரியிலும் கடலிலும் துகளாகி மிதக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், பை கொண்டு போனதால் விமானத்தில் போகலாம் என்ற நினைப்பு நமக்கே தெரியாமல் மனதில் வந்துவிடும்.

தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களைத் தடை செய்தது. அந்தப் பட்டியலில் பலருக்குத் தெரியாத இரண்டு இருக்கின்றன. ஒன்று, டீக்கடை பேப்பர் கப். உள்ளே விரலால் தடவினால் வழவழப்பாக இருந்தால் அது பிளாஸ்டிக் பூச்சு. அந்த வகை கப் தடை செய்யப்பட்டது. பேப்பர்தானே என்று அதைப் பழைய பேப்பர் கடையிலும் போட முடியாது. இன்னொன்று, துணிக்கடையில் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும், துணி போலவே தோன்றும் பை. உற்றுப் பார்த்தால் அதில் நெசவு இருக்காது. சின்னச் சின்ன அழுத்தப் புள்ளிகள் இருக்கும். ஓரத்தை இழுத்தால் நூல் பிரியாது, பஞ்சு போலக் கிழியும். அது பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். வெயிலில் கொஞ்ச நாள் கிடந்தால் தூள்தூளாக உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும், அள்ளவே முடியாது.

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. நல்ல காரியம். ஆனால் பருத்திப் பைக்கும் ஒரு விலை உண்டு: பருத்தி விளைய நிறைய நீரும், அதை நூற்று நெய்ய மின்சாரமும் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைவிடப் புகையில் குறைய வேண்டுமானால் ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் இரண்டு தடவை கடைக்குக் கொண்டு போனால் ஒன்றே கால் ஆண்டு. நம் வீடுகளில் தாம்பூலப் பையாக வந்த மஞ்சப்பைகள் பீரோவுக்கு அடியில் கட்டுக்கட்டாக இருக்கும்போது, புதிதாக இன்னொன்று வாங்குவதில் அர்த்தமில்லை. இருப்பதில் ஒன்றை வண்டி சீட்டுக்கு அடியிலும் இன்னொன்றை ஆபீஸ் பையிலும் மடித்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. மறதிதான் இதில் ஒரே எதிரி.

குப்பையில் உண்மையிலேயே கனமான பங்கு சமையலறைக் கழிவு. நம் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் அதுதான். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றியெரிந்து, சுற்றுப்புறம் நாள்கணக்கில் புகையில் மூச்சுத் திணறியது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அதே ஆண்டில் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வலசை வரும் பறவைகளின் இடத்தை ஒட்டி நம் வாழைப்பழத் தோல் மலையாகியிருக்கிறது.

இதற்கு வீட்டிலேயே வழி உண்டு. பக்கவாட்டில் சில ஓட்டைகள் போட்ட மண்பானை இரண்டு வேண்டும். அடியில் தேங்காய் நாரைப் பரப்பி, காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் அன்றன்று போட வேண்டியதுதான். ஒரு கை கழிவுக்கு ஒரு கை காய்ந்த சருகு. வாரம் ஒரு தடவை கிளறிவிட்டு, தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் மக்குவது வேகம் பிடிக்கும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் சருகு போட்டால் அடங்கிவிடும். புழு வந்தால் பலர் பயந்து கைவிடுகிறார்கள். அந்தப் புழுக்கள் மக்கச் செய்யும் வேலையைத்தான் செய்கின்றன, பானையை மூடி வைத்தால் போதும். ஒரு பானை நிறைந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் பானையில் கறுப்பாக, மழைமண் வாசனையோடு உரம் இருக்கும். தெருமுனையில் தினமும் கூட்டிக் கொளுத்தும் வேப்பிலைச் சருகுக்கும் இதில் வேலை கிடைக்கிறது. அந்தப் புகை ஆஸ்துமாக்காரர்களுக்குச் செய்யும் கொடுமையும் குறைகிறது.

சமையலில் சின்னச் சின்ன மிச்சங்கள் உண்டு: பருப்பை ஊறவைத்து வேகவைப்பது, பாத்திரத்தை மூடுவது, குக்கர் விசில் வந்ததும் தீயைக் குறைப்பது. ஆண்டுக்கு ஒரு சிலிண்டர் மிச்சமானால் 42 கிலோ. அதைவிட முக்கியம் சோற்றைக் கொட்டாமல் இருப்பது. நெல் வயலில் தேங்கிய நீரிலிருந்து மீத்தேன் வருகிறது. அரிசி அரைபடவும் ஊர் கடந்து வரவும் எரிபொருள் போகிறது. கொட்டிய பிறகு கிடங்கில் மறுபடி மீத்தேன். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்தால் காலை உணவுக்கு அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

தண்ணீரும் சென்னையில் மின்சாரக் கணக்குதான். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் தேவைப்படுகிறது. வீராணம் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வருகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலேயே தண்ணீர் வந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் சுத்தப்படுத்த இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடுகிறது. அந்தக் குழாயின் கீழே ஒரு வாளி வைத்தால் வீடு துடைக்கவும் பாத்திரம் ஊறப்போடவும் ஆகும். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. ஐப்பசி பிறக்கும் முன் ஆள் வைத்துச் சல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவிப் போட வேண்டும்.

நீலகிரியின் பத்து ரூபாய்

தனி மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் இவற்றில் பாதிகூட நிலைக்காது என்றுதான் நினைக்கிறேன். நல்லதைச் செய்வதே எளிதாக இருக்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். அதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல உதாரணம் நீலகிரி. 2000-களின் தொடக்கத்தில், சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்த காலத்திலேயே, அங்கே பிளாஸ்டிக்குக்கு எதிரான இயக்கம் தொடங்கிவிட்டது. இன்று கல்லாறு, பர்லியாறு சோதனைச் சாவடிகளில் வண்டியை நிறுத்தி பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பாட்டிலைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல் வழியெங்கும் குடிநீர் ஏடிஎம்களையும் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டு போனால் போதும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அங்கே இன்னொரு தொல்லை, காட்டில் வீசிய மது பாட்டில்கள். உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறிப் புண்ணாகி, அந்தப் பெரிய உயிர் நடக்க முடியாமல் தவிக்கும். உயர் நீதிமன்றத்தின் தலையீட்டில் 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டு வந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பி வரத் தொடங்கின. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் வேறு யாராவது பொறுக்கி எடுத்து வந்துவிடுகிறார்கள், பத்து ரூபாய் ஆயிற்றே. பிறகு இது மற்ற மாவட்டங்களுக்கும் போனது. தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் இதே முறையை மாநிலம் முழுக்கக் கொண்டு வர எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. கிராம சபையிலும் நகரத்து ஏரியா சபையிலும் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கக்கூடிய கோரிக்கை இது. பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடையையும் ரயில் நிலையம் வரை நடைபாதையையும் அதோடு சேர்த்தே கேட்கலாம்.